‘கம்ப்ளீட்டட்’ என்றது திரை

"ஸ்க்ரீன்ல ‘கம்ப்ளீட்டட்’னு வந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா, க்ளென்?"

"பார்த்தேன் மேடம். அதுக்கப்புறம்தான் டிஸ்க்கைக் கழட்டினேன்."

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை பகல். காலையிலிருந்து விடாத தூறல். ஈரக் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த நிருபமா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். க்ளென் வேலை பார்த்த டேட்டா சென்டர் அமைத்த விசாரணைக் குழுவில் அவள் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் அவனுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

க்ளென் அங்கே காண்ட்ராக்ட் ஊழியன். ஒரு பெரிய சர்வருக்குள் பல வாடிக்கையாளர்களின் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன தனித்தனிக் கணினிகள், ஓடும். அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. போன மாதம் ஒரு ஸ்கேன் சென்டரின் டிஸ்க்கைக் கழற்றினான். மூன்று வருடப் படங்கள் திறக்கவே முடியாதபடி கெட்டுப்போயின. மறுநாளே அவனை நிறுத்திவிட்டார்கள்.

"டிஸ்க்கை விடுன்னு நாம கேட்டா, உள்ளே இருக்கிற மெஷின் எழுதறதை முடிச்சுட்டு ‘விட்டுட்டேன்’னு பதில் சொல்லணும். அந்தப் பதில் வந்த பிறகுதான் ‘கம்ப்ளீட்டட்’ காட்டணும். ஆனா கழட்டறதுக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிற இந்த சாஃப்ட்வேர் டூல், கேட்ட உடனேயே காட்டிடுது மேடம். உள்ளே மெஷின் பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்கு, நான் பிடுங்கிட்டேன்."

"புரியுது. தப்பு உங்க மேல இல்லை, க்ளென்."

டீ டம்ளர்களோடு வந்த அவன் மனைவி ஆஞ்சலா அப்படியே நின்றாள். ஒரு மாதத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"ரிப்போர்ட்ல ‘ஆபரேட்டர் அவசரப்பட்டார்’னு எழுதப் போறாங்களாமே மேடம்? அப்படி எழுதிட்டா இந்த ஊர்ல எங்கேயும் இவரை எடுக்க மாட்டாங்க."

"அதுக்குத்தான் நானே வந்தேன். வேற எதையாவது சொல்லாம விட்டுட்டீங்களா க்ளென்? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லை."

க்ளென் தயங்கினான். "ஜனவரியிலேயே இதைக் கண்டுபிடிச்சேன் மேடம். ஒரு டெஸ்ட் மெஷின்ல இதே மாதிரி ஆச்சு. அந்த டூலை எழுதின டூல்ஸ் டீமுக்கு விவரமா மெயில் போட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"ஒரே வாரத்துல வந்துச்சு. ‘சரி பண்ணியாச்சு, தாராளமா யூஸ் பண்ணலாம்’னு. அதை நம்பித்தான் கழட்டினேன்."

"யார் அனுப்பினது?"

"பேர் இல்லை மேடம். டூல்ஸ் டீம்னு மட்டும்தான் இருந்துச்சு."

நிருபமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்த மெயில் காப்பி இருக்கா?"

"லேப்டாப்பை என்னை நிறுத்தின அன்னிக்கே வாங்கிட்டாங்க. லாகினும் கட்."

"ப்ரிண்ட்? போன்ல போட்டோ?"

"போனையே உள்ளே விட மாட்டாங்களே."

"என்னிக்கு லாகின் கட் பண்ணினாங்க?"

"போன மாசம் நாலாம் தேதி."

விரலை மடக்கி எண்ணினாள். "வேலையை விட்டவங்க மெயிலை முப்பது நாள்தான் வெச்சிருப்பாங்க. முடிஞ்சுபோச்சு." பெருமூச்சு விட்டாள். "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா? சூப்பர்வைசர்? கூட வேலை செய்யறவங்க?"

"இல்லை மேடம். ஆஞ்சலாகிட்ட மட்டும் பதில் வந்த அன்னிக்குச் சாயங்காலம் சொன்னேன்."

"நான் வந்து சொல்றேன் மேடம், எங்க வேணாலும்," என்றாள் ஆஞ்சலா.

"சம்சாரம் சொல்றதை சாட்சியா எடுத்துக்க மாட்டாங்கம்மா."

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"வேலை போனதுகூடப் பரவாயில்லை மேடம்," என்றான் க்ளென். "அந்த ஸ்கேன் சென்டர்ல ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. மார்ல கட்டியாம். பழைய படத்தோட ஒப்பிட்டாத்தான் அது வளருதா இல்லையான்னு டாக்டர் சொல்ல முடியுமாம். அந்தப் படம் இப்ப இல்லை. கண்ணை மூடினா அவங்க நினைப்புதான். முகம்கூடத் தெரியாது எனக்கு."

நிருபமா டீயைக் குடிக்காமலே கீழே வைத்தாள். எழுந்தாள்.

"மெயில் விஷயத்தை இப்போதைக்கு வெளியே பேசாதீங்க. ஆதாரம் இல்லாம பேசினா உங்களுக்குத்தான் கெட்ட பேர். நான் பார்த்துக்கறேன்."

"நீங்க ஒருத்தர்தான் மேடம் எங்களை நம்பினீங்க," என்றான் க்ளென், வாசல்வரை வந்து குடையை எடுத்துக் கொடுத்தபடி.

"இன்னிக்கு ஜெபத்துல உங்க பேரைத்தான் சொல்லப் போறேன்," என்றாள் ஆஞ்சலா.

நிருபமா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படி இறங்கினாள். காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

ஜனவரி பதினாறாம் தேதி க்ளென் எழுதிய மெயில் அங்கே பத்திரமாக இருந்தது. அதற்கடியில், டூல்ஸ் டீமின் தலைவியாக அவள் டூலில் ஒரு வரியைக்கூடத் திருத்தாமலே அனுப்பிய பதில்: ‘சரி பண்ணியாச்சு. தாராளமாக யூஸ் பண்ணலாம்.’

வேறு யாரிடமும் காப்பி இல்லை என்பது இப்போது நிச்சயமாகிவிட்டதால், இரண்டையும் அழித்தாள்.