காற்றுக் கசிவு

'அவர் காதில் விழுமா?'

நினைப்பு எழுந்ததுமே கினுயோ ஏப்ரன் பையை அழுத்திப் பிடித்தாள். ஐம்பத்தேழு வயதில், சொந்தத் தொழிற்சாலையில் நின்றுகொண்டு, பரீட்சைக்குப் போகும் பெண்ணைப் போல இதென்ன படபடப்பு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"முதலாளியம்மா, டீ ஆறுது. நீங்களும் குடிச்சா ஆரம்பிச்சிடலாம்," என்றார் குசுமி.

ஞாயிற்றுக்கிழமை. சாக்ஸ் பின்னும் பன்னிரண்டு இயந்திரங்களும் ஓய்ந்திருந்தன. அவற்றுக்குக் குழாய் வழியே காற்றை அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மூட்டில் காற்று கசிகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்க இப்படியொரு நாள்தான் வேண்டும்.

பழைய கம்ப்ரசர் கரண்டைக் குடித்துத் தீர்த்தது. மூன்று வருடத்துக்கு முன் மின்சாரம் மிச்சமாகும் புதியதை வாங்க அரசு பாதிப் பணம் கொடுத்தது. ஒரு நிபந்தனை. கசிவே இல்லை என்று ஆகும்வரை வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்ப்பார். கேஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குசுமிதான் அந்த ஆய்வாளர்.

"என் பட்டியல்ல நீங்க மட்டும்தான் பாக்கி. 'அந்த சாக்ஸ் கம்பெனியைக் கட்டிக்கிட்டே அழப் போறீங்களா'ன்னு ஆபீஸ்ல கிண்டல் பண்றாங்க."

"பண்ணட்டுமே. எல்லாம் உங்க காதாலதான். போன வருஷம் கொசு மூச்சு விடற அளவு கசிவு, அதையும் விடலியே நீங்க!"

"இன்னைக்குப் பூஜ்யம்னா, ஆய்வு முடிஞ்சுதுன்னு காகிதத்துல நீங்க உங்க முத்திரையைக் குத்திட வேண்டியதுதான். அப்புறம் என் தொல்லை உங்களுக்கு இல்லை."

"ஆமா, பெரிய தொல்லைதான்," என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் காலில் போன வருடம் அவள் கொடுத்த சாம்பல் நிற சாக்ஸ். குதிகாலில் நூல் தேய்ந்திருந்தது. வேறு ஜோடியே இல்லையா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை. மனைவியை இழந்தவர். பதிலில் அந்த வீட்டின் வெறுமையும் சேர்ந்து வரும். அதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டிலும் ஆறு வருடமாக ஒரே ஒரு சோற்றுக் கிண்ணம்தான் கழுவப்படுகிறது.

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது அவர் தயாராக நின்றார். வெள்ளைக் கையுறையின் விரல் நுனியில் அதற்குள் கறுப்பாக கிரீஸ்.

முதல் மூன்று இயந்திரங்களிலும் சத்தமில்லை. நாலாவதன் முன் அவர் காதைச் சாய்க்காமலே குனிந்து, குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

"அடடா! ஒண்ணு இருக்கே."

"நாலாவதுலயா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"பின்னே? இதோ, கண்ணெதிர்ல."

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதன் முன் அவர் சட்டென்று நின்றார். தலையைச் சாய்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடியும் சோப்புத் தண்ணீர், மறுபடியும் நுரை.

"இங்கேயுமா? ஒண்ணுதானே இருக்க..." என்று ஆரம்பித்ததை விழுங்கினார்.

கடைசி மூன்றையும் பார்த்து முடித்தார். பெர்சிமன் பழமரத்தின் இலையில் சுற்றிய கானாங்கெளுத்தி மீன் சுஷி மேஜைமேல் இருவருக்குமாகக் காத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"முதலாளியம்மா, உங்களை வருஷா வருஷம் இழுத்தடிக்கிறது பாவம். ரெண்டையும் நானே இறுக்கிடறேன். இறுக்கிட்டா பூஜ்யம்தானே? அப்படியே எழுதி முடிச்சிடலாம். முத்திரையை எடுங்க."

காகிதத்தை நீட்டினார். பார்வை தரையில் இருந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன.

கினுயோ ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். முத்திரை தட்டுப்பட்டது. அதை ஒட்டி, காலையில் ஒன்பதாவது மூட்டைத் தளர்த்திய ஸ்பேனரும். வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"வேண்டாம், குசுமி சான். தாராளமா இறுக்குங்க, காத்து வீணாகக் கூடாது. ஆனா கண்டது ரெண்டு, ரெண்டுன்னே எழுதுங்க," என்று காகிதத்தை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள். "அடுத்த வருஷமும் வாங்க."

நாலாவது மூட்டை அவள் தொடவே இல்லை.