கன்னையாவுக்குப் பிடித்த ரகம்

"இன்னும் ஆழமா வெட்டுங்க" என்றாள் இராஜம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி.

"இதுக்கு மேல வெட்டினா கடல் தண்ணி வந்துடும் ராஜம்" என்றார் கன்னையா. குழி ஏற்கெனவே ஓர் ஆளைப் படுக்க வைக்கும் அளவுக்கு இருந்தது. பிடுங்கிப் போட்ட உருளைக்கிழங்குச் செடி அவர் இடுப்புயரம். வேரில் ஒரு கோலிக்குண்டு அளவுக்குக்கூடக் கிழங்கு இல்லை. மண்புழு ஒன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

"அமெரிக்காவும் போச்சா?"

"போச்சு."

பாசார் சந்தையில் கிழங்கை நாட்டின் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். முதலில் ஹாலந்து போட்டார், பிறகு சீனா, அதற்குப் பிறகு பங்களாதேஷ். வல்லரசு, ஏழை நாடு என்று பேதம் பார்க்காமல் எல்லாரையும் தோற்கடித்தது கிள்ளான் பக்கத்து அந்தப் பண்டமாரான் வீட்டுக் கொல்லை.

"லோரி ஓட்டின ஆளை வெள்ளாமைக்கு நம்பினா இப்படித்தான்."

"செடியைப் பாரு, தென்னங்கன்னு மாதிரி நிக்குது."

"செடியையா பெரட்டித் திங்கிறது?"

சிரித்துவிட்டு, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையைத் தடவிக்கொண்டாள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். உருளைக்கிழங்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

போன பொங்கலன்று அவள் சொன்னாள்: "நம்ம மண்ணுல விளைஞ்ச கிழங்குல ஒரே ஒரு பெரட்டல் வச்சுக் குடுங்க. அது போதும். அப்புறம் அந்த மிஷினுக்கு என்னைக் கூப்பிடக் கூடாது." கன்னையா அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நாற்பத்தொரு வருஷத்தில் அவளுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறியதில்லை. மறுநாளே மண்ணைக் கொத்தத் தொடங்கினார்.

"எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்ல போலிருக்கு" என்றாள் இராஜம்மா குழியைப் பார்த்து.

கன்னையா துண்டால் வெகுநேரம் முகத்தைத் துடைத்தார். "விட்டுட மாட்டேன். வேற ரகம் பாக்கிறேன்."

"நாளைக்கு மிஷின் இருக்கே."

"கொண்டுபோய் விட்டுட்டு, அப்படியே போறேன்."

மறுநாள் கிள்ளானில், செடிக்கடை ஜெயராஜ் அவரைத் தூரத்தில் கண்டதுமே தலையில் கை வைத்தான்.

"அங்கிள், இந்தச் சூட்டுல உருளை வராது லா. அதுலயும் நீங்க யூரியாவை அள்ளிக் கொட்டுறீங்க. கொட்டினா இலைதான் தழைக்கும், கிழங்கு வராதுன்னு எத்தனை தடவ சொல்லிட்டேன்."

கன்னையா பணிவாகத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இரண்டு கிலோ யூரியாவை எடுத்து மேசையில் வைத்தார்.

ஜெயராஜுக்கு மனசு கேட்கவில்லை. "ஆன்டி ஆசைப்படுறாங்கன்னு சொன்னீங்கல்ல? அதுக்காகவே மேடான் ஊர்ல இருந்து சூடு தாங்குற ஒரு ரகம் வரவழைச்சு, என் வீட்டுலயே போட்டுப் பாத்தேன்." மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினான். கைமுட்டி அளவில், மண் ஒட்டிய உருளைக்கிழங்கு. "நம்ம கிள்ளான் மண்ணு அங்கிள். எழுபதே நாள். கண்டிப்பா விளையும்."

கன்னையா அதை வாங்கிப் பார்த்தார். எழுபது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கிழங்கை மேசையிலேயே வைத்துவிட்டு, யூரியாப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"இது வேணாம்பா. கிழங்கே வைக்காத ரகமா ஒண்ணு பாத்துக் குடு."