மாலை விசில்

சுதந்திர அரசில் சிறைத்துறை மந்திரியான நாச்சிமுத்து, வெள்ளைக்காரன் தன்னை அடைத்து வைத்திருந்த சிறையைப் பார்வையிட வந்தார். இனி இங்கே யாரும் அடிமையில்லை என்று முற்றத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது கைதிகளை எண்ணும் மாலை விசில் ஒலித்தது. கைதிகள் சட்டென்று குந்தித் தலைகுனிந்தார்கள். மந்திரியின் முழங்கால்களும் தாமாக மடிந்தன. கழுத்து மாலை மண்ணில் புரள அவரும் குந்தியிருந்தார். வார்டர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். முன்பு அவரோடு ஒரே கொட்டடியில் கிடந்த செங்கோடன் பக்கத்தில் குந்தியபடி கிசுகிசுத்தான்:

"அட, எந்திரீங்க சாமி! இது எங்களுக்குத்தானுங்க, உங்களுக்கில்லீங்க."

காது சுட, மந்திரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். எல்லோரையும் எழச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வார்டர் எண்ணத் தொடங்கிவிட்டார். எண்ணி முடியும்வரை மந்திரி கைகட்டி நின்றார்.