பத்து நகர்த்தல்

அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு காய் நகர்த்தத்தான் தெம்பிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மடிமேல் சதுரங்கப் பலகையை வைப்பேன். அவள் ஒன்று, நான் ஒன்று. அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிடுவாள். இன்று அக்கா, ஓரத்தில் சும்மா நின்ற குதிரையைப் பின்னால் இழுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு என் ராஜாவிடம் வரப்போகிறாள், பிறகு யானையையும் துணைக்குக் கொண்டுவருவாள். எப்படியும் பத்து நகர்த்தல். பத்து நாள்.

நேற்றுதான் டாக்டர் அத்தானையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, இந்த வாரம் தாண்டுவதே கஷ்டம் என்றார். அவளிடம் மூச்சுவிடாதே என்று அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும், குதிரைக்கு அங்கே கால் வைக்க இடமிருக்காது. நான் பாவம் பார்க்காமல் ஆடுகிறவள் என்றுதான் சின்ன வயதிலிருந்தே அக்கா என்னோடு மட்டும் ஆடுவாள். சிப்பாய் வரை போன என் கை அங்கேயே நின்றது. பிறகு என் யானையை வெறுமனே ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிப்பாயை ஏன்டி தள்ளல?"

"கவனிக்கலக்கா."

என் முகத்தைப் பார்த்தாள். குதிரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடிக்கொண்டாள்.

"எத்தனை நாளாம்?" என்றாள்.