மஞ்சள் தண்ணீர்

"இடது கால் தாமதம். பக்கவாத அறிகுறி. இரண்டாம் எச்சரிக்கை" என்றது, நடையை அளந்து சொல்ல அலுவலகம் கொடுத்திருந்த ஷூ. தணிகாசலம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நேற்றுக் காலையும் இதையேதான் சொன்னது. மூன்றாம் முறையும் சொல்லிவிட்டால், குழாய்ப்பாதையை நடந்து சோதிக்கும் வேலை போய்விடும்.

"நெசமாவே கால் மரத்த மாதிரி இருக்கு புனிதா" என்று ஷூவைக் கழற்றினான். நேற்றிலிருந்து இடது காலை லேசாக இழுத்துத்தான் நடந்துகொண்டிருந்தான்.

மனைவி புனிதா ஷூவைக் கையில் எடுத்தாள். இடது ஷூ மட்டும் கனத்தது. அடி மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கிய மெத்தை எழும்பவில்லை; அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது.

"ஐயோ, நான்தாங்க! ஆடி பொறந்ததுன்னு நேத்துலேருந்து வாசலுக்கு மஞ்சத் தண்ணி தெளிக்கிறேன்ல? கதவோரம் கெடந்த இந்த ஒத்த ஷூ அடியில ஊறிப்போயிருக்கு!"

அவன் வெறுங்காலோடு நடைபாதைக் கடைசிவரை போய்த் திரும்பினான். கால் நேராகத்தான் வந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. "எதுக்கும் அது காயட்டும். அதுவே சொல்லட்டும்" என்றான்.

செருப்பை ஒருநாளும் வாசற்படி தாண்ட விடாத புனிதா, இரண்டு ஷூவையும் உள்ளே கொண்டுபோய்க் கூடத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். மதியம் அவன் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தான்.

"நடை சீர்" என்றது ஷூ.

அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான் சொன்னேன், நம்பல. உங்க காலே சொல்லிச்சு, அதையும் நம்பல" என்றபடி புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கழட்டிக் குடுங்க. இனிமே அது உள்ளயே இருக்கட்டும்."