ஐந்து சாட்சிகள்

காலை எட்டு மணி ஆகியும் ஐந்து வாத்துகளும் பக்கத்து வீட்டுக் காஞ்சனாவின் சுவரை விட்டு நகரவில்லை. கழுத்தை நீட்டி வரிசையாக நின்று, அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தன. நொய் போட்ட தட்டு போட்டபடியே கிடந்தது.

“பாத்தியாய்யா, அதுங்க எங்க பாத்துக்கினு நிக்குதுன்னு? அவ வூட்டத்தான்” என்றாள் தாட்சாயணி.

அவள் புருஷன் கோவர்த்தனன் பல் துலக்குவதை நிறுத்தவில்லை. “வாத்து எங்க பாத்தா இன்னா? நாய் கீய் இழுத்துக்கினு போயிருக்கும். வுடு.”

விடுகிற ஆளா அவள்? நேற்றுக் காலை அடைப்பைத் திறந்தபோது ஆறு. சாயங்காலம் கூடையைப் போட்டுக் கவிழ்க்கும்போது ஐந்து. காணாமல் போனது பெரியவள். குஞ்சாக மடியில் வைத்துத் தவிடு ஊட்டி வளர்த்தது. அது முன்னே போனால்தான் மற்றவை ஏரியில் இறங்கும். அது இல்லாமல் ஒன்றும் இரை எடுக்கவில்லை, ஒரு முட்டைகூட வைக்கவில்லை. யார் செய்தது என்று தெரியாமல் தாட்சாயணிக்கும் சோறு இறங்காது.

கோவர்த்தனன் வாய் கொப்பளித்துவிட்டு, சுவரோரம் நிறுத்தியிருந்த பைக்கைத் துடைக்கப் போனான். அவன் கிட்டே போனதும் வாத்துகள் இறக்கையை அடித்துக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவன் நகர்ந்த பிறகுதான் மறுபடி வந்து அதே இடத்தில் நின்றன.

“பாவம், ஆளப் பாத்தாலே பயந்து சாவுதுங்க” என்றாள்.

காஞ்சனா மேல் அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை, குமட்டல். காஞ்சனா ஆந்திர எல்லையில் தடா ஊர்ப் பக்கத்துப் பெண். அங்கே வாத்துக்கறி சர்வ சாதாரணம். போன மாதம்கூட, “ஒண்ணு குடேன்க்கா, கறி துன்னு ரொம்ப நாளாச்சு” என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டவள்தான். தாட்சாயணி பதினைந்து வருஷமாக வாத்து வளர்ப்பது முட்டைக்கு மட்டும். அந்தக் கறியின் ருசி எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

இவளோடா இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று நினைத்தபோது வாயில் எச்சில் கசந்தது. நேற்று மத்தியானம்கூட, புருஷன் வெட்டி வாங்கி வந்த கிழட்டு நாட்டுக்கோழியை எட்டு விசில் விட்டு வேகவைத்து, முதல் கிண்ணம் குழம்பை அவளுக்குத்தான் கொடுத்தனுப்பினாள். அதையும் வழித்துத் தின்றுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் இவள் வாத்தின் மேல் கை வைத்திருக்கிறாள். சீ, என்ன ஜென்மம்.

தாட்சாயணி கொண்டையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். காஞ்சனா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கடீ என் பெரியவ?”

“இன்னாக்கா சொல்ற? வாத்து காணமா?” காஞ்சனா நிஜமாகவே முழித்தாள்.

“நடிக்காத. அஞ்சும் உன் வூட்டப் பாத்துக்கினு அழுவுது.”

“நான் உன் வூட்டுப் பக்கமே வரலக்கா. புடிக்கவும் இல்ல, அறுக்கவும் இல்ல.”

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், “ஏமைந்தி, இன்னா ஆச்சு?” என்று கேட்டபடி வந்து நின்றாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் தாட்சாயணியின் குரல் ஏறியது.

“சரி, என் வாத்து உன் வயித்துக்குள்ள போகலன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு. இப்பவே கெளம்பு, பஸ்ஸு சார்ஜு நான் குடுக்கறேன்.”

காணிப்பாக்கத்துக் குளத்தில் முங்கி எழுந்து, பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னவர்கள் உருப்பட்டதில்லை. இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்கும் மேலான தீர்ப்பு அது.

காஞ்சனா துடைப்பத்தைக் கீழே போட்டாள். திண்ணையில் கழுவிக் கவிழ்த்திருந்த நேற்றையக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். “அத மட்டும் என்னால பண்ண முடியாதுக்கா” என்றாள் கடைசியில்.

அவ்வளவுதான். தெலுங்கு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். நாளைக்கே ஊர் முழுக்க இவளை வாத்துத் திருடி என்று கூப்பிடும். கூப்பிடட்டும் என்று நினைத்தாள் தாட்சாயணி. காஞ்சனாவின் உதட்டைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காறித் தெருவில் துப்பினாள்.

“தூ. வளத்தவகிட்டயே கிண்ணத்துல கொழம்பு வாங்கித் துன்னுட்டு, அவ வாத்தையும் துன்ன வாயா அது?”

கோவர்த்தனன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “சாமி பேரெல்லாம் இன்னாத்துக்கு? உள்ள வா தாட்சாயணி.”

“கைய வுடுய்யா.” அவள் உதறினாள். “நான் பண்ணுவேன் சத்தியம். பதினஞ்சு வருஷமா வாத்து வளக்கறேன், ஒரு துண்டு கறி இந்த வாயில பட்டதில்ல. இப்பவே வந்து முங்கி எழுந்து சொல்றேன். வா.”

காஞ்சனா கோவர்த்தனனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காஞ்சனா இன்னும் கிட்டே வந்து, தெருவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“நீயும் பண்ணாதக்கா. நேத்து நாம ரெண்டு பேரும் ஒரே கொழம்பத்தான் துன்னோம்.”