கடைசியில் வந்த முறை

குரிட்டிபா மருத்துவமனையின் வேலைகள் எல்லாம் அன்று மதியம் புதுக் கணினிக்கு மாறின. பழையதன் எட்டு பிராசஸர்களும் முதன்முறையாக ஓய்ந்தன. அடுத்த நொடியே, அதன் வரிசையில் மிஞ்சியிருந்த ஒரு வேலை தானாக ஓடத் தொடங்கியது.

"இவோனி அம்மா, இந்தத் தேடல் நாலு வருஷமா வரிசையில நிக்குதுங்க," என்றான் புதிதாகச் சேர்ந்த ஓட்டாசிலியோ, கணினிப் பிரிவுத் தலைவியிடம். "வேற எந்த வேலையும் இல்லாதப்பதான் இதுக்கு முறை வருமாம். இப்படிக் கடைசியில தள்ளினது யாரு?"

"என்ன தேடுது?"

"அடெர்பால்ங்கறவருக்குச் சிறுநீரகம். அட, பொருத்தமான ஆள் கிடைச்சாச்சு. வீட்டுக்குச் சொல்லிடறேன்."

அவன் திரையில் இருந்த எண்ணை அழைத்தான். இவோனியின் கைப்பையில் செல்போன் அடித்தது.

"சொந்தப் புருஷனை முன்னால விட்டுட்டாளேன்னு யாரும் பேசக்கூடாதுன்னு, நான்தான் தள்ளினேன்," என்றாள்.

அடெர்பாலைப் புதைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.